எறா வறுவலைத் தின்றது யார்?

எழுத்தாளர் வீட்டுக்கு வழிகாட்டிகளாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். சந்தோஷம். எழுத்தாளர் படித்த பள்ளி, வாங்கிய பரிசு, எழுதிய புத்தகம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பீர்கள். அதையெல்லாம் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். வருகிற பிள்ளைகளில் ஒன்றுகூட அதைக் கேட்காது. செருப்பைக் கழற்றும் முன்பே அது கேட்கப்போவது ஒரே கேள்விதான்: "பூதக்கா எங்க?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று கற்றுக்கொள்ளவே எனக்குப் பாதி உத்தியோக காலம் போயிற்று. நான் பழவேற்காட்டுக் கடைத்தெருக்காரன். எங்கள் முன்னோர் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். நான் ஏற்றி இறக்கியது பள்ளிக்கூடப் பிள்ளைகளை. சரக்கு பேசாது, பிள்ளைகள் பேசும். அவ்வளவுதான் வித்தியாசம்.

புத்தகம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நான் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மறந்துபோன ஒரு வழிகாட்டியை ஒரு ஏழு வயதுப் பெண் திருத்தியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏரிக்கரையில் ஓட்டு வீடு. அதில் சின்னு என்று ஒரு பையன். அவன் அப்பா, அவன் வாயில் நைனா, ஏரியில் எறா என்கிற இறால் பிடிப்பவர். எறா கிடைத்த நாளில் அம்மா அதை வறுத்து, சட்டியோடு அடுக்களை உறியில் தொங்கவிட்டுவிட்டு மீன் விற்கப் போய்விடுவாள். சின்னு பள்ளிக்கூடம் விட்டு நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு ஓடி வந்து பார்த்தால் சட்டி காலி. தின்றது அவன் அக்கா, பூதக்கா. அவளைப் பிடிக்கச் சின்னு செய்யும் தந்திரங்கள்தான் கதை. சட்டிக்குள் உயிர் நண்டை விடுவான், உறிக் கயிற்றில் மணி கட்டுவான். பூதக்கா எல்லாவற்றையும் தாண்டி வறுவலை முழுங்கிவிட்டு ஏப்பம் விடுவாள். படித்த பிள்ளைகள் சிரித்து உருளாத வீடு இல்லை.

அதனால்தான் நம் வீட்டில் எழுத்தாளரின் மேசையை எவரும் சீந்த மாட்டார்கள், எல்லாரும் நேரே உறியிடம் ஓடுவார்கள். அந்த உறி எழுத்தாளர் காலத்து உறி அல்ல. இங்கே வீசும் உப்புக் காற்றுக்குக் கயிறு எத்தனை நாள் தாங்கும்? ஒருமுறை ஒரு அம்மா அந்த உறியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். முந்தின வாரம்தான் அதை நான் பொன்னேரிக் கடையில் வாங்கி வந்து கட்டியிருந்தேன். சொல்வதா விடுவதா என்று மென்று விழுங்கினேன். கடைசியில் சொல்லிவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் உறிக்காக அழலீங்க, எனக்கும் ஒரு அக்கா இருந்தா" என்றார். பொருள் பழசோ புதுசோ, உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அழ வந்தவர்கள் எப்படியும் அழுவார்கள்.

ஆனால் உள்ளதை எல்லாம் சொல்லிவிடக் கூடாது என்பதும் இந்தத் தொழிலில் உண்டு. அதற்குத்தான் வருகிறேன்.

பூதக்கா கற்பனை இல்லை. எழுத்தாளருக்குக் கூடப் பிறந்த ஒரே அக்கா. பெயர் தேசம்மா. எழுத்தாளர் காலமாகிவிட்டார், அக்கா அடுத்த தெருவில் இருக்கிறார். எழுபதைத் தாண்டியும் கூடையில் எறாவும் நண்டும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பொன்னேரிக்குப் போய் விற்றுவிட்டு வருகிற மனுஷி. குரல் இருக்கிறதே, ஏரிக்கு அந்தக் கரையில் தோணி தள்ளுகிறவன் திரும்பிப் பார்ப்பான். அவர் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் நேர் எதிர். வலை பிரித்துக்கொண்டு உட்கார்ந்தால் நாள் முழுக்க வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

ஊரில் எல்லாருக்கும் தெரியும், பூதக்கா யாரென்று. சந்தையில் வாடிக்கையாளர்கள், "இன்னா பூதக்கா, எங்களுக்கு எதுனா மிச்சம் வெச்சியா, நீயே துன்ட்டியா?" என்பார்கள். அக்கா சிரிக்க மாட்டார். எறாவை ஒரு பிடி குறைத்து அள்ளிப் போடுவார். என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பாய், உன் வேலைய நீ பாரு. வர்ற புள்ளைங்களுக்கு என்னியக் கை காட்டின, அவ்ளோதான்." நானும் காட்டியதில்லை. எந்தக் குழந்தை கேட்டாலும், "பூதக்கா புத்தகத்துக்குள்ள இருக்காங்க கண்ணு" என்று சமாளித்துவிடுவேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த வீட்டில் பாதி அக்காவின் பங்கு. அடுக்களைப் பக்கம் முழுக்க அவருடையது. வீட்டைப் பராமரிக்கும் அறக்கட்டளைக்கு அவர் அதை வாய்வார்த்தையாகக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது அறக்கட்டளைச் செயலாளருக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல மனிதர்தான். யோசனை வராதவரை ரொம்ப நல்ல மனிதர். அடுக்களைச் சுவரில் பூதக்காவை ஆள் உயரத்துக்கு வரைந்தால் பிள்ளைகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள் என்றார். ஓவியர் வந்தார். தொங்கும் வயிறு, முட்டைக் கண், கடைவாயில் இரண்டு கோரைப்பல், சட்டியை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொள்கிற மாதிரி ஒரு படம் எழுந்தது. அருமையான படம். அதுதான் வினை.

அக்கா அதைப் பார்த்த அன்று சத்தம் போடவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலை, கூடையை வீட்டிலேயே வைத்துவிட்டு, கையில் பெரிய திண்டுக்கல் பூட்டோடு வந்து நின்றார்.

"பாய், அந்தப் படத்த இன்னிக்கு அழிக்கிறியா, இல்ல என் பங்குக்கு நான் பூட்டு போட்டுக்கட்டா?"

"அக்கா, பிள்ளைங்க கதைக்கா வரைஞ்சது..."

"கதைல எழுதினான், பொறுத்துக்கினேன். தம்பியாச்சே. சந்தைல கத்துறானுங்க, பொறுத்துக்கினேன். வயித்துப் பொழப்பு. எங்க அம்மா சோறாக்கின செவுத்துல எனக்குப் பல்லு வெச்சி வரைஞ்சிக்கிறீங்களே, இது இன்னா நாயம்?"

நியாயம் அவர் பக்கம். செயலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "படத்துல மட்டும் கை வைக்காதீங்க, பிள்ளைங்க அதுக்குத்தான் வர்றாங்க" என்றார். அடுக்களை பூட்டினால் உறி இல்லை, உறி இல்லையென்றால் வீட்டில் பார்க்க ஒன்றும் இல்லை. இருதலைக் கொள்ளி எறும்பாக நான் நின்றுகொண்டிருந்தேன். அதே சமயம் தெருமுனையில் ஹாரன் சத்தம். மீஞ்சூரிலிருந்து பள்ளிப் பேருந்து!

"அக்கா, புள்ளைங்க வந்துட்டாங்க. அவங்க போனதும் பேசிக்கலாம். கொஞ்சம் வீட்டுக்குப் போங்க," என்று கெஞ்சினேன்.

"போவ மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய், அந்தப் படத்துக்கு நேர் கீழே, பூட்டை மடியில் வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். யார் போய்ச் சொன்னார்களோ, ஏழுமலை அண்ணனும் வந்து சேர்ந்தார். மனைவியைக் கூட்டிப்போக வந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுக்களை வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

பிள்ளைகள் திபுதிபுவென்று உள்ளே வந்துவிட்டார்கள். ஏரித் தண்ணீர் வடிகால் பிடித்து ஓடுகிற மாதிரி நேரே அடுக்களைக்குத்தான். என்னால் மறிக்க முடியவில்லை. சுவரில் ஒரு பூதக்கா, கீழே மடியில் பூட்டோடு ஓர் ஆயா. எல்லார் கண்ணும் என்மேல்.

இந்த மாதிரி ஒரு கணம் உங்களுக்கும் வரும். அப்போது வாயில் முதலில் வருவது பொய்யாகத்தான் இருக்கும். 'இவங்க வீடு பெருக்கற அம்மா' என்று சொல்ல என் நாக்கு துடித்தது உண்மை. சொல்லியிருந்தால் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள், எனக்கும் தலைவலி விட்டிருக்கும். ஆனால் சொந்த அம்மா சமைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷியை அங்கே வேலைக்காரி ஆக்க எனக்கு மனசு வரவில்லை. எது நடந்தாலும் நடக்கட்டும் என்று, "இவங்க தேசம்மா. எழுத்தாளரோட கூடப் பிறந்த அக்கா. இது இவங்க வீடு," என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

முன்வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி. சுவரைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"அப்ப நீங்கதான் பூதக்காவா?"

டீச்சர் பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்தார். அவள் விடுகிற ஆள் இல்லை. "எறாவ எல்லாம் நீங்களே சாப்ட்டீங்களா? தம்பிக்கு ஒண்ணுகூட வைக்கலியா?"

சிறுமி கேலியாகக் கேட்கவில்லை. சின்னுவுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டுக் கேட்டாள். எனக்கு உள்ளூர ஒரு ஆறுதல். அக்கா இத்தனை வருஷமாக அடக்கிவைத்ததைக் கொட்டிவிடுவார், 'நான் துன்னல, அவன் பொய்யா எழுதினான்' என்று சொல்லப்போகிறார், தீர்ந்தது பிரச்சினை என்று நினைத்தேன்.

அக்கா சிறுமியையே பார்த்தார். ஒரு தரம் வாசற்படியைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா பாப்பா. நாந்தான் துன்னேன்," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, இதற்கா பூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்?

அப்போதுதான் வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. இத்தனை வருஷத்தில் நான் அதிகம் கேட்டிராத குரல்.

"அவ துன்னல பாப்பா," என்றார் ஏழுமலை அண்ணன். "நாந்தான் துன்னேன்."

"யோவ்!" என்று அக்கா அலறினார். "வாய மூடு! வூட்டுக்குப் போ!"

"இவ்ளோ நாளு மூடிக்கினுதான கீறேன்," என்றார் அண்ணன். பிள்ளைகள் பக்கம் திரும்பினார். பேசிப் பழக்கமில்லாதவர், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். "ஏரில நல்ல எடத்துல எல்லாரும் ஒரே நாள்ல வலை கட்ட முடியாது. ஊர்ல தலைக்கட்டு தலைக்கட்டாப் பிரிச்சி முறை வெச்சிருக்கோம். அதுக்குப் பேரு பாடு. அவங்கவுங்க பாடு வர்ற அன்னிக்கு அவங்கவுங்க வலை. அவ நைனா ஒரு தலைக்கட்டு, நாங்க வேற தலைக்கட்டு. அவங்க பாடு அன்னிக்கு அவங்க வூட்ல எறா வறுவல். அன்னிக்கு எங்க வூட்ல அடுப்பே எரியாது. எங்க நைனா இல்ல. நானும் எங்க அம்மாவும்தான்."

"நீங்க போய்க் கேட்டீங்களா?" என்றாள் ரெட்டைச் சடை.

"எப்டி கேக்குறது? எங்க நைனா உசுரோட இருக்கும்போதே ரெண்டு வூட்டுக்கும் வலை அறுத்த சண்டை. பேச்சு கெடையாது. இவதான் சட்டில இருக்கறத தூக்குல கவுத்துக்கினு, முந்தானைல மறைச்சி, படகுப் பக்கமா வந்து குடுத்துட்டு ஓடிப்பூடுவா. அதான் அன்னிக்கு எங்களுக்குச் சோறு."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஐயோ, மானத்த வாங்குறானே, பேஜாரு புடிச்ச மனுசன்," என்று புலம்பினார். பின்வரிசையில் கொஞ்சம் வளர்ந்த பையன் ஒருவன் துணிந்து கேட்டான்: "அப்ப அப்பவே லவ்வா தாத்தா?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஏழுமலை அண்ணன் நிதானமாக யோசித்தார்.

"லவ்வு இல்லப்பா, பசி. லவ்வு அப்பறமா வந்துச்சி."

"எங்க வந்துச்சி?" என்று முந்தானைக்குள்ளிருந்து அக்காவின் குரல். "உன் பாடு அன்னிக்கு ஒரு எறாவாவது எனக்குக் குடுத்துக்கிறியா நீ?"

சிரிப்பில் ஓடு பறந்திருக்கும். டீச்சரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று யாரும் சுவர்ப் படத்தோடு நின்று படம் எடுக்கவில்லை. முகத்தைக் காட்ட மாட்டேன் என்ற அக்காவையும், என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அண்ணனையும் நடுவில் உட்காரவைத்து எடுத்துக்கொண்டார்கள்.

பேருந்து போன பிறகு நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏங்க்கா, அந்தப் பொண்ணு கேட்டப்ப நீங்களே உண்மையச் சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு 'ஆமா'ன்னீங்க?"

"அன்னிக்கு நைனா கேட்டாரு, யாருடீ துன்னதுன்னு. நாந்தான்னு சொன்னேன். அடிக்கல. 'வளர்ற பொண்ணு, துன்னட்டும்'னு சொன்னாரு. அந்த வார்த்தைக்கு அப்பறம் எப்டி பாய் மாத்திச் சொல்றது?"

நான் அவர் மடியிலிருந்த பூட்டை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"உங்க தம்பிக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சா கதையா எழுதியிருப்பான்? அன்னிக்கே நைனாகிட்ட ஓடிப் போய்ச் சொல்லியிருப்பான். கோள்மூட்டி," என்று சொல்லிவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். "சாவுற வரைக்கும் அவனுக்கு அந்த எறா மேலதான் கண்ணு."

கதை செயலாளர் காதுக்கு எட்ட வெகுநேரம் ஆகவில்லை. மனிதருக்கு உடனே அடுத்த யோசனை வந்துவிட்டது. உண்மைக் கதையை அழகாக அச்சடித்து அடுக்களையில் மாட்டலாம், வழிகாட்டிகள் ஒவ்வொரு குழுவுக்கும் சொல்லலாம், செய்தித்தாளில் வரும் என்றார். நான் அதை அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் பூட்டை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாய், உனக்குச் சொன்னாப் புரியும். ஒருத்தன் பாடு அன்னிக்கு இன்னொருத்தன் அந்த எடத்துல வலை போட முடியுமா? எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும்?"

"முடியாது."

"தம்பி அவன் பாட்டுக்கு வலை போட்டான், அவனுக்கு வுழுந்தத அவன் எடுத்துக்கினான். அவன் பாடு முடிஞ்சிச்சி. இது என் பாடு. நான் வந்து உக்காந்தா நான் சொல்லுவேன். நான் வரலன்னா யாரும் சொல்லக் கூடாது. பொம்பளைக்கு ஏரில பாடு கெடையாது, தெரியும். இதுல உண்டு."

செயலாளருக்கு எழுத்தாளரின் பரிசுகள் எல்லாம் தெரியும், பாடு தெரியாது. அதை அவருக்கு விளங்கவைக்க எனக்குப் பழவேற்காட்டு டீக்கடையில் மூன்று டீ தேவைப்பட்டது. கடைசியில் ஒப்புக்கொண்டார்.

"அப்ப படம்?" என்று அக்காவிடம் கேட்டேன். "அழிச்சிடட்டுமா?"

அக்கா சுவரை ரொம்ப நேரம் பார்த்தார். "பாவம், புள்ளைங்க ஆசையா வருது. பல்லு இருக்கட்டும். வயிறும் இருக்கட்டும், அவ்ளோ ஒண்ணும் பொய் இல்ல. அந்தக் கைய மட்டும் மாத்தச் சொல்லு."

ஓவியர் மறுபடி வந்தார். அக்கா பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினார். வாயில் கவிழ்ந்திருந்த சட்டி இறங்கியது, மடங்கியிருந்த கை நீண்டது. இப்போது நீங்கள் பார்க்கிற படம் அதுதான். கோரைப்பல் வைத்த பூதக்கா, வாசற்படிப் பக்கமாகச் சட்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். வாங்கிக்கொள்ள எதிரே யாரையும் வரையவில்லை.

ஆகவே, புதியவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைப் பார்த்து யாராவது, 'புத்தகத்துல இவளே சாப்பிடுவாளே, இங்க யாருக்குக் குடுக்கறா?' என்று கேட்பார்கள். உங்களுக்கு விடை தெரியும், நாக்கு ஊறும், சொல்லிவிட்டால் கூட்டம் கைதட்டும். சொல்லாதீர்கள். 'அக்கா வர்ற நாள்ல வந்து அவங்களையே கேளுங்க' என்று சொல்லுங்கள். நமக்குத் தெரிந்த கதையெல்லாம் நம் கதை ஆகிவிடாது. உங்களிடம் இதைச் சொல்வதற்கே நான் அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். "உன் ஆளுங்களுக்குச் சொல்லு, இல்லன்னா அதுங்க எதுனா ஒளறும்," என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.

போன வாரம் சும்மா அந்தப் பக்கம் போயிருந்தேன். அக்கா அடுக்களையில் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் பிள்ளைகள். அன்று ஏரியில் பாடு இல்லை போலிருக்கிறது, ஏழுமலை அண்ணன் வாசற்படியில் வலையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு குட்டிப் பையன் சுவரைக் காட்டி, "ஆயா, அந்தச் சட்டி யாருக்கு?" என்று கேட்டான். அக்கா வேண்டுமென்றே பதில் சொல்லாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் "யாருக்கு, யாருக்கு" என்று கத்தின.

வாசற்படியில் ஏழுமலை அண்ணன் வலையைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.